டி.பி.எஸ். கோளாறு: சுத்தம் செய்வதா, சென்சாரை மாற்றுவதா, த்ராட்டில் பாடியையே மாற்றுவதா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்று ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டால், ஸ்கேனரைச் செருகிய சில நிமிடங்களில் "டி.பி.எஸ். போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் வந்துவிடுகிறது. த்ராட்டில் பொசிஷன் சென்சார் என்பதன் சுருக்கமே டி.பி.எஸ். பதில் ஒரே வரிதான் என்றாலும் அதற்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. நான்கின் செலவும் பல மடங்கு வேறுபடும். என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பார்ப்பது, சென்சாரில் செருகியிருக்கும் கப்ளரையும் ஒயரையும் சரிசெய்வது, சென்சாரை மட்டும் மாற்றுவது, த்ராட்டில் பாடியை முழுதாக மாற்றுவது ஆகியவற்றில் எதைச் செய்யச் சொல்வது என்பதை வண்டிக்காரர்தான் முடிவு செய்தாக வேண்டும். மெக்கானிக்குக்கு எதைச் செய்தாலும் கூலி உண்டு.

இந்த முடிவில் நான் ஒருமுறை தவறியவன். 15 வயதைக் கடந்த, கேபிள் த்ராட்டில் கொண்ட என் சிறிய கார், மூன்றாவது கியரில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது மட்டும் திடீரென்று ஒரு ஜர்க் அடிக்கும். காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும். சென்சாரை மாற்றினோம். இரண்டு வாரம் வண்டி அலுங்காமல் ஓடியது. பிறகு அதே ஜர்க், அதே வேகத்தில். புதிய சென்சாரும் பழுது என்று கடைக்காரரோடு வாக்குவாதம் செய்துவிட்டு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனபோது, அவர் சென்சாரைத் தொடவே இல்லை. கப்ளருக்குப் பின்னால் இருந்த ரப்பரை நகர்த்திவிட்டு, சிக்னல் ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். ஒயர் ரப்பர்பேண்ட் போல நீண்டது. மேலுறை முழுதாக இருந்ததே தவிர, உள்ளே செம்புக் கம்பி அறுந்து பச்சைப் பொடியாகக் கிடந்தது. சென்சாரை மாற்றுவதற்காகக் கப்ளரைப் பிடுங்கிச் செருகியபோது அந்த அறுந்த முனைகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டதே இரண்டு வார நிம்மதிக்குக் காரணம் என்பது அப்போதுதான் புரிந்தது. டி.பி.எஸ். மாற்றியதும் சரியாகி மறுபடியும் வந்த கோளாறு என்று யார் சொன்னாலும், நான் முதலில் கேட்பது கப்ளரைப் பற்றித்தான்.

சென்சார் சொல்வதும் ஈ.சி.யூ. கேட்பதும்

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது நாம் திறப்பது காற்றுக்கான வழியை. அதற்கு ஏற்ற பெட்ரோலை அளந்து கொடுப்பது ஈ.சி.யூ. என்னும் கணினி. த்ராட்டில் பாடிக்குள் பட்டர்ஃபிளை என்று அழைக்கப்படும் வட்டத் தகடு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அந்தக் கணினிக்குச் சொல்லும் வேலைதான் இந்தச் சென்சாருடையது. பழைய வகைச் சென்சாரில் மூன்று ஒயர்கள் இருக்கும். ஒன்றில் ஈ.சி.யூ. 5 வோல்ட் அனுப்புகிறது, இன்னொன்று எர்த், மூன்றாவது ஒயரில் இடைப்பட்ட ஒரு வோல்ட் திரும்பி வருகிறது. தகடு மூடியிருக்கும்போது ஏறத்தாழ 0.5 வோல்ட்டும், முழுதாகத் திறக்கும்போது 4 முதல் 4.5 வோல்ட்டும் வருவது வழக்கம். சரியான எண் வண்டிக்கு வண்டி சற்று மாறும்.

உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே அமைப்பு: ஒரு கருப்புத் தடமும், அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு சிறு தொடுகம்பியும். வருடக்கணக்கில் பயன்படுத்திய ரேடியோவின் குமிழைத் திருப்பினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரவென்று சத்தம் வருவதைக் கேட்டவர்களுக்கு டி.பி.எஸ். தேய்மானத்தை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநரின் கால் பெரும்பாலும் எந்த அளவில் நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் தடம் முதலில் தேய்கிறது. அந்த இடத்தைக் கடக்கும் கணத்தில் வோல்ட் சட்டென்று விழுந்து எழுகிறது. ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார் என்று ஈ.சி.யூ. நினைக்கிறது, வண்டி திக்குகிறது.

இந்த வோல்ட்டை நம்பி ஈ.சி.யூ. எடுக்கும் முடிவுகள் பல. திடீரென அழுத்தினால் கூடுதல் பெட்ரோல் கொடுப்பது, ஓடும் வண்டியில் காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்துவது, முழு அழுத்தத்தில் பல வண்டிகளில் ஏ.சி. கம்ப்ரஸரைச் சில நொடி துண்டிப்பது, ஆட்டோமேட்டிக் வண்டியில் எப்போது கியர் மாற்றுவது என்று தீர்மானிப்பது எல்லாம் இதைப் பொறுத்தவை. மெக்கானிக்குகளையே அலைக்கழிக்கும் ஓர் அறிகுறி உண்டு. பெட்ரோல் நிரம்பி மூழ்கிய என்ஜினை உலர்த்துவதற்காக, ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தியபடி ஸ்டார்ட்டரை இயக்கினால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடும் ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. கோளாறான சென்சார், மூடிய தகட்டை முழுதாகத் திறந்திருப்பதாகச் சொல்லிவிட்டால், ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் வரும், பெட்ரோல் மட்டும் வராது. அந்த நிலையில் பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்த்துப் பணம் இழந்தவர்கள் உண்டு.

முதலில் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

நான்கு வழிகளில் எது பொருந்தும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடுவது இந்த ஒரு கேள்விதான். பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் குழாய் போய்ச் சேரும் இடத்தில் பாருங்கள். சைக்கிள் பிரேக் கம்பி போன்ற ஒரு கேபிள் வந்து த்ராட்டில் பாடியின் பக்கவாட்டுச் சக்கரத்தில் மாட்டியிருந்தால் அது கேபிள் வண்டி. சென்சார் தனியாக, இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். கேபிளே இல்லாமல் ஒரு கப்ளர் மட்டும் இருந்தால் அது எலக்ட்ரானிக் த்ராட்டில். அங்கே தகட்டைத் திருப்புவது ஒரு சிறிய மோட்டார். காலின் அழுத்தத்தைப் பெடலிலேயே உள்ள வேறொரு சென்சார் ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. இந்தியாவில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் போய், இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. பரவியபோது வந்த சிறிய கார்களில் பெரும்பாலும் கேபிள்தான். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரானிக் த்ராட்டில்தான்.

ஸ்கேனர் காட்டும் கோடு, அதாவது கோளாறுக் குறியீட்டு எண், அடுத்த தடயம். பி 0120 முதல் பி 0124 வரை உள்ளவை த்ராட்டில் சென்சார் சர்க்யூட் பற்றியவை. அவற்றில் பி 0122 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி 0123 என்றால் மிக அதிகம், பி 0124 என்றால் விட்டுவிட்டு வருகிறது. இங்கே சர்க்யூட் என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். சென்சார், கப்ளர், மூன்று ஒயர்கள், ஈ.சி.யூ. ஆகிய எல்லாம் சேர்ந்ததே சர்க்யூட். சிக்னல் ஒயர் எர்த்தில் ஒட்டினாலும், 5 வோல்ட் வராமல் போனாலும் பி 0122 விழலாம். எர்த் ஒயர் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி பி 0123 விழலாம். சென்சார் நன்றாக இருக்கும்போதே இவை எல்லாம் நடக்கக்கூடியவை. கோடு எந்தத் தெரு என்று சொல்கிறதே தவிர, கதவு எண்ணைச் சொல்வதில்லை.

சுத்தம் செய்வது: மலிவானது, ஆனால் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

என்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி, பட்டர்ஃபிளை தகட்டின் விளிம்பில் படிந்து நாளடைவில் கருப்பு வளையமாக இறுகுகிறது. தகடு மூடும்போது விடும் மயிரிழை இடைவெளியை அது அடைத்துக்கொள்ளும். சிக்னலில் காலை எடுத்ததும் வண்டி அணைவது, ஐடிலிங் (காலை வைக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குவது, முதல் தொடுதலில் ஆக்ஸிலேட்டர் ஒட்டிக்கொண்டிருந்து பிறகு சட்டென விடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இந்த அறிகுறிகள் இருந்து, பி 0122, பி 0123 போன்ற கோடு எதுவும் இல்லை என்றால், சுத்தம் செய்வதைத் தவிர வேறு எதையும் முதலில் செய்யக் கூடாது என்பேன். ஒரு டின் த்ராட்டில் கிளீனருக்கும் ஒரு மணி நேரக் கூலிக்கும் மேல் இதற்குச் செலவில்லை. கேபிள் வண்டியில் ஐடிலிங் காற்றுக்கான தனி வால்வும் அதன் துளையும் இருக்கும்; அதை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் துடைத்தால் பாதி வேலைதான்.

ஆனால் மின் கோளாறுக்கு இது மருந்தல்ல. தேய்ந்த தடத்தைக் கிளீனர் மீட்காது. மாறாக, தகடு மாட்டியிருக்கும் தண்டின் முனையில் நேராகப் பீய்ச்சினால் அந்தத் திரவம் சென்சாருக்குள் புகுந்து நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடும். துணியில் நனைத்துத் துடைப்பதே சரி. சில த்ராட்டில் பாடிகளின் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கார்புரேட்டருக்கான கடும் கிளீனர் அதைத் தின்றுவிடும் என்பதால், த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரைத்தான் வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் நெம்பித் திறப்பது இன்னொரு வழக்கமான தவறு. உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உள்ளன. சாவி ஆன் நிலையில் இருக்கும்போது மோட்டார் தகட்டைத் திடீரென மூடினால் விரலுக்கும் ஆபத்து.

சுத்தம் செய்தபின் ஐடிலிங் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நின்று இறங்க மறுத்தால் பதற வேண்டாம். அழுக்கு அடைத்திருந்த காலத்தில் அதற்கேற்பத் தகட்டைக் கூடுதலாகத் திறந்து வைக்க ஈ.சி.யூ. பழகியிருக்கும், அழுக்குப் போன பிறகும் அந்தப் பழைய பழக்கத்தில்தான் திறக்கும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடியதும் தாமாகவே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். நிஸ்ஸான் வண்டிகளில் ஐடில் ஏர் வால்யூம் லேர்னிங் என்றும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் த்ராட்டில் அடாப்டேஷன் என்றும் இதற்குப் பெயர். இந்த ஸ்கேனர் கையில் இல்லாத ஒர்க்ஷாப்பில் அத்தகைய வண்டியைச் சுத்தம் செய்யக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் த்ராட்டில் பாடி கிளீனிங் என்று ஒரு வரி பில்லில் ஏறுவதையும் நான் ஏற்பதில்லை. குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து, கருப்பு வளையம் இருந்தால் செய்யலாம்.

கப்ளரும் ஒயரும்: அதிகம் தவறவிடப்படும் வழி

என் அனுபவத்தால் இந்தப் பகுதியில் எனக்குச் சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம் ஊர் நிலைமை அந்தச் சார்புக்குத் துணை நிற்கிறது. மழைக்காலத்துத் தேங்கிய தண்ணீர், கடலோர ஊர்களின் உப்புக் காற்று, வாட்டர் வாஷில் என்ஜின் மேல் நேராக அடிக்கும் தண்ணீர், நிறுத்தி வைத்த வண்டியின் பானட்டுக்குள் குடியேறும் எலி ஆகிய நான்கும் தாக்குவது சென்சாரை விடவும் ஒயரைத்தான்.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓடவிடாமல், கப்ளரைக் கழற்றி 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் சென்சார் வாங்குவதில் பயனில்லை. அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பல வண்டிகளில் அதே 5 வோல்ட்டை வேறு சில சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் விழுந்துவிடும். ஆகவே மற்றவற்றின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அடுத்து, கப்ளரை மாட்டிவிட்டு எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் எங்கோ துருப்பிடித்திருக்கிறது.

கடைசியாக, சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிக மெதுவாக, ஒருவர் பத்து எண்ணும் நேரத்தில், மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை அழுத்த வேண்டும். வோல்ட் படியேறுவது போல் ஏறாமல், குன்றில் ஏறுவது போல் ஒரே சீராக ஏற வேண்டும். டிஜிட்டல் மீட்டர் மெதுவாகப் புதுப்பிப்பதால் கண நேர வீழ்ச்சியைத் தவறவிடும். பழைய முள் மீட்டர் இதில் கெட்டிக்காரன், முள் துள்ளுவது கண்ணுக்கு நேராகத் தெரியும். வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் உள்ள எலக்ட்ரீஷியன் கிடைத்தால் இன்னும் நல்லது. இதே சோதனையின்போது ஒயரை அசைத்துப் பார்த்து முள் துள்ளினால் கோளாறு ஒயரில். ஒயரை அசைத்தால் ஒன்றும் ஆகாமல், ஆக்ஸிலேட்டரின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் துள்ளினால் கோளாறு சென்சாரின் தடத்தில். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பொருளும் வாங்கக் கூடாது.

ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் தகடு மூடியிருக்கும்போதே 10 முதல் 20 சதவீதம் வரை காட்டும், முழுதாக அழுத்தினாலும் 100-ஐத் தொடாது. அது கோளாறு அல்ல. பூஜ்யம் காட்டவில்லை என்ற ஒரே காரணத்தால் சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சென்சாரை மட்டும் மாற்றுவது: கேபிள் வண்டிக்குரிய வழி

முள் துள்ளுவது சென்சாரால்தான் என்று தெரிந்த பிறகு, கேபிள் வண்டிக்காரருக்கு முடிவு எளிது: சென்சாரை மாற்ற வேண்டும். கேள்வி எந்தச் சென்சார் என்பதே. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது, அந்தக் கம்பெனிக்கே சப்ளை செய்யும் பாஷ், டென்சோ போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பது, பெயர் தெரியாத லோக்கல் பொருள், பழைய வண்டியில் கழற்றியது என்று சந்தையில் நான்கு தரம் உண்டு.

என் வரிசையில் முதலில் வருவது இரண்டாவது. பொருள் அதே தொழிற்சாலையினுடையதாக இருக்கும்போது, பெட்டியின் மேல் உள்ள பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை; ஆனால் பார்ட் நம்பர் பொருந்துகிறதா என்பதைப் பழைய சென்சாரின் முதுகில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே வழக்கம், அதுவே பாதுகாப்பும். லோக்கல் பொருளில் எனக்குள்ள அச்சம் அது உடனே பழுதாகும் என்பதல்ல. மூடிய நிலையில் அது காட்டும் வோல்ட் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதே அச்சம். மூடிய நிலை எது என்று ஈ.சி.யூ.வுக்குச் சரியாகத் தெரியாவிட்டால், ஐடிலிங்கும் காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஏற்பாடும் இரண்டுமே குழம்பும். அவசரத்துக்கு அதைத்தான் வாங்க வேண்டியிருந்தால், கடையிலேயே ஓம் மீட்டரை மாட்டி, தண்டோடு சேரும் நாக்கை விரலால் திருப்பி, அளவு துள்ளாமல் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

பழைய வண்டியில் கழற்றிய சென்சாரை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பொருள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம், ஆல்டர்னேட்டர்கூட வாங்கலாம். உரசித் தேயும் தடம் உள்ள ஒரு பொருளைத் தேய்ந்த நிலையில் வாங்குவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

மாற்றும் வேலை அரைமணி நேர வேலைதான் என்றாலும் அதைக் கெடுக்க இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது ஸ்க்ரூ. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளம் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கி மண்டை சிதைந்தால் அரைமணி நேரம் அரை நாளாகிவிடும். பொருத்தமான முனையை வைத்து, அழுத்திப் பிடித்து, முதல் திருப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, சென்சாரின் நாக்கு. உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் சென்சாரைச் சற்றுத் திருகலாக வைத்து, தண்டின் சரியான பக்கத்தில் நாக்கை அமர்த்தி, பிறகு ஸ்க்ரூ துளைக்கு நேராகச் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்து இறுக்கினால், முதல்முறை ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதே புதுச் சென்சார் உடைந்துவிடும்.

ஸ்க்ரூ துளைகள் நீள்வட்டமாக இருந்தால் அந்தச் சென்சாரை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். கழற்றுமுன் ஓர் ஆணியால் பழைய இடத்தைக் கீறி வைத்துக்கொண்டு, புதியதை அங்கே பொருத்தி, மீட்டரில் மூடிய நிலை வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பி, அந்த வண்டிக்குக் குறித்த எண்ணில் நிறுத்தி இறுக்க வேண்டும். துளை வட்டமாக இருந்தால் அந்த வேலை இல்லை. எந்த வகையாக இருந்தாலும், தகடு எந்த அளவு மூட வேண்டும் என்று நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் திருப்பக் கூடாது. ஐடிலிங்கை ஏற்றுவதற்காக யாரோ என்றோ அதைத் திருப்பிவிட்டுப் போனதால், நல்ல சென்சாரே தவறான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

த்ராட்டில் பாடியை முழுதாக மாற்றுவது: எலக்ட்ரானிக் வண்டியின் கட்டாயம்

எலக்ட்ரானிக் த்ராட்டிலில் சென்சார் தனிப் பொருளாக வெளியே நிற்பதில்லை. பக்கவாட்டு மூடிக்குள் மோட்டாரோடும் பற்சக்கரத்தோடும் சேர்ந்து இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளுக்குத் தனியாக விற்பதும் இல்லை. பாதுகாப்புக்காக உள்ளே இரண்டு சென்சார்கள் உண்டு. சில வண்டிகளில் ஒன்றின் வோல்ட் ஏறும்போது மற்றதன் வோல்ட் இறங்கி, இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 5-ஐ ஒட்டியே நிற்கும். வேறு சிலவற்றில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஏறும். இரண்டும் சொல்வது பொருந்தாமல் போனால் பி 2135 விழும், ஈ.சி.யூ. மோட்டாரை விட்டுவிடும், ஸ்பிரிங் தகட்டைச் சற்றே திறந்த நிலையில் நிறுத்தும். லிம்ப் மோட் என்று சொல்லப்படும் இந்த நிலையில், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஊர்ந்து மட்டுமே போகும்.

இந்த வகை வண்டியில் கப்ளர், ஒயர் சோதனைக்கு முன்னைவிட அதிகமாகவே நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த படி சென்சார் விலையைப் போல் பல மடங்கு. புதிய சென்சார்கள் பல, உரசும் தடம் இல்லாத ஹால் எஃபெக்ட் வகையைச் சேர்ந்தவை. அவை தேய்வதில்லை என்பதால், கப்ளர் பின்களில் துரு, தளர்ந்த பின், தேய்ந்த பற்சக்கரம் ஆகியவற்றின் மீதான சந்தேகம் கூடுகிறது. கோடு பி 2138 என்று இருந்தால் அது த்ராட்டில் பாடியே அல்ல, காலடியில் உள்ள பெடல் சென்சார். இந்த இரண்டு எண்களையும் குழப்பி, விலை கூடிய பொருளை மாற்றிவிட்டு, பெடலுக்கு மீண்டும் ஒருமுறை பணம் கட்டுவது நடக்கிறது. பழைய டீசல் வண்டிகளில் பெட்ரோல் வண்டியைப் போலக் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், அவற்றில் டி.பி.எஸ். என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இந்தப் பெடல் சென்சாரைத்தான்.

ஒயர் சரி, பெடல் சரி, த்ராட்டில் பாடிதான் கோளாறு என்று உறுதியானால், வாரண்டி உள்ள வண்டிக்கு யோசிக்கவே வேண்டியதில்லை; கம்பெனி சர்வீஸில் புதியது. வாரண்டி முடிந்து இன்னும் பல ஆண்டு ஓட்டப்போகும் வண்டிக்கும் புதியதே என் தேர்வு, சப்ளையர் பெட்டியில் கிடைத்தால் அதிலேயே. பத்து வயதைத் தாண்டிய, இன்னும் இரண்டு ஆண்டில் விற்கப்போகும் வண்டிக்கு மட்டும் கழற்றிய த்ராட்டில் பாடியைப் பரிசீலிப்பேன். சென்சார் விஷயத்தில் மறுத்துவிட்டு இங்கே ஏற்பது முரண்பாடாகத் தோன்றலாம். விலை வித்தியாசம் இங்கே மிகப் பெரியது என்பதும், ஹால் எஃபெக்ட் வகையாக இருந்தால் தேயும் தடம் இல்லை என்பதும் என் காரணங்கள். அப்போதும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும், பொருத்தி அடாப்டேஷன் செய்து வண்டி ஏற்றுக்கொண்ட பிறகே பணம் முழுதும் கொடுப்பது என்று கடைக்காரரோடு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்து பற்சக்கரத்தை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் நான் கொடுக்க மாட்டேன். இது வண்டியின் வேகத்தை நிர்ணயிக்கும் பொருள். பவர் விண்டோ மோட்டார் அல்ல.

ஒன்றும் செய்யாமல் ஓட்டுவது

ஐந்தாவதாக, பலர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கேபிள் வண்டியில் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டால், ஈ.சி.யூ. தானாக ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு என்ஜினை ஓட்டப் பார்க்கும். இழுவை குறையும், மைலேஜ் குறையும், வண்டி ஓடும். கழற்றிய நிலையில் ஜர்க் நின்றுவிட்டால் கோளாறு அந்தச் சர்க்யூட்டில்தான் என்பதற்கு அது நல்ல சாட்சி, ஒர்க்ஷாப் வரை போய்ச் சேரவும் உதவும். அதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது. எலக்ட்ரானிக் வண்டியில் லிம்ப் மோட் ஒருமுறை வந்துவிட்டால், அணைத்து ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடுகிறது என்று தள்ளிப்போடவே கூடாது. எதிரே லாரி வர, பஸ்ஸைப் பாதி முந்திய நிலையில் இழுவை நின்றால் என்ன ஆகும் என்பது இருவழிச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

என் காரில் கடைசியாக ஆன செலவு, நான்கு அங்குல ஒயரும் ஒரு புதிய கப்ளரும் சால்டர் கூலியும். கழற்றிப்போட்ட பழைய சென்சாரை அன்று மாலை வீட்டு மேசையில் வைத்து மீட்டரை மாட்டி நாக்கைத் திருப்பிப் பார்த்தேன். முள் எங்கும் துள்ளவில்லை. காகிதத்தில் சுற்றி, டேஷ்போர்டுக்குள் ஸ்பேர் ஃபியூஸ்களோடு போட்டு வைத்திருக்கிறேன்.